இரண்டு வருடம் அடித்த பிஸ்டலும் ஒரு கறுப்புத் தோல் உறையும்

கேள்வி

வணக்கமுங்க சார். சொந்த ஊர் கோவை. ஆறு வருடமாக ஜெர்மனியில், யேனாவில் பொறியாளர் வேலை. இங்கே துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கான தேர்வும் எழுதி முடித்துவிட்டேன். போன மாதம் எர்ஃபுர்ட்டில் பழைய சாமான் சந்தையில் பி08 (லூகர்) என்ற பழைய ஜெர்மன் ராணுவப் பிஸ்டலுக்கான கறுப்புத் தோல் உறை ஒன்றை 190 யூரோ கொடுத்து வாங்கினேன். பின்பக்கம் 1926 என்றும் ‘2./ஜே.ஆர்.9’ என்றும் அச்சு இருக்கிறது. ஆணிகளைச் சுற்றிப் பச்சையாக மெழுகு போல ஏதோ கசிகிறது. எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், போடலாமா?

இன்னொன்று. சங்கத்தில் ஒரு பெரியவர் தன்னுடைய பி08-ஐ எனக்கு விற்கத் தயார் என்கிறார். அதன் தலையில், அதாவது தோட்டா அறையின் மேல், 1917 என்றும், அதற்கு மேலே 1920 என்றும் இரண்டு வருடம் அடித்திருக்கிறது. சில பாகங்களில் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புது எண் போட்டிருக்கிறார்கள். நண்பர்கள் “இது ஒட்டுப்போட்ட சரக்கு, வேண்டாம்” என்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் உறைக்குள் போட்டு ஹாலில் கண்ணாடி அலமாரியில் வைக்க ஆசை. மூன்று வருடத்தில் ஊருக்குத் திரும்பும் எண்ணமும் உண்டு, கொண்டுபோக முடியுமா? வீட்டுக்காரம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “ஹிட்லர் சாமானை ஏன் வீட்டுக்குள் கொண்டுவர்றீங்க” என்கிறார்.

(பெயர் வேண்டாம், யேனா)

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த எண்ணெய் பாட்டிலை மூடி உள்ளே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

பழைய தோலையும் இரும்பையும் பாதுகாத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தொழிலுக்கு வந்த புதிதில், காய்ந்து போன ஒரு பிஸ்டல் உறையைப் பார்த்துப் பாவப்பட்டு, மாட்டுக் குளம்பெண்ணெய் தடவிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் பளபளவென்று இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மேலே வெள்ளையாகக் கொழுப்பு பூத்திருந்தது. தையல் நூல் ஊறி இற்றுப்போய் மேகசின் (தோட்டாக் கூடு) வைக்கும் பை தனியாகக் கையோடு வந்தது. உறைக்குச் சொந்தக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவர்மேல் தப்பில்லை.

நூறு வருடத் தோலுக்குப் “பசி” எடுக்காது. அது காய்ந்து தெரிவதற்குக் காரணம் எண்ணெய்க் குறைவு மட்டுமல்ல. நார்களே வேதிமாற்றம் அடைந்திருக்கின்றன. எண்ணெய் அதைத் திருப்பித் தராது. நிறத்தைக் கருக்கும், தூசியைப் பிடித்து வைக்கும், அச்சு எழுத்துகளை மங்கவைக்கும். உங்கள் ஆணிகளில் கசியும் பச்சை மெழுகுகூட அப்படி யாரோ என்றோ தடவிய கொழுப்புதான். செம்பும் பித்தளையும் கொழுப்போடு சேர்ந்தால் அந்தப் பச்சை வரும். மூங்கில் பல்குத்தியால் மெதுவாகச் சுரண்டி எடுத்து, உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். உலோக ஊசி வேண்டாம். மறுபடி வரும், மறுபடி எடுங்கள். தோல் செம்பொடியாக உதிர்கிறது என்றால் அது வேறு நோய். அதற்கு ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் பசை பூசி உறுதிப்படுத்துவோம். அதை வீட்டில் முயலாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மூடியை அடிக்கடி திறந்து மூடிக் காட்டாதீர்கள். பி08 உறையில் முதலில் உடைவது மூடியின் மடிப்பும் வார் மடங்கும் இடமும்தான். வாரைக் கொக்கியில் மாட்டாமல் சும்மா விட்டுவிடுங்கள். உள்ளே அமிலமில்லாத மெல்லிய தாளைப் பொதிந்து வடிவம் நிற்கச் செய்யுங்கள். செய்தித்தாள் வேண்டாம்.

பிஸ்டலை உறைக்குள் போட்டு வைக்கும் ஆசைக்கு ஒரே பதில்தான்: கூடாது. தோலைப் பதப்படுத்திய துவர்ப்புப் பொருளும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். வெளியே தெரியாது; ஒரு நாள் உருவிப் பார்க்கும்போது உறை தொட்ட பக்கம் மட்டும் புள்ளிபுள்ளியாகக் குழி விழுந்திருக்கும். போர்முனையில் தினமும் துடைத்தவனுக்கு அது சரி. அலமாரிக்குச் சரிவராது.

இனி அந்த இரண்டு வருடக் கதை. உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி சரி. ஒட்டுப்போட்ட சரக்குதான். ஆனால் 1919-க்கும் 1934-க்கும் நடுவில் ஜெர்மன் ராணுவம் வைத்திருந்த பிஸ்டல்களில் ஒட்டுப்போடாதவற்றைத் தேடுவதுதான் கஷ்டம். ‘எல்லா எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், இரும்பின் நீல மெருகு கெடாமல் இருக்க வேண்டும்’ என்ற அளவுகோல், மௌசர் ஆலை 1930-களின் பின்பாதியில் புதிதாகச் செய்து தள்ளிய பிஸ்டல்களுக்குப் பொருந்தும். அதே கோலால் வெய்மர் குடியரசுக் காலத்தை, அதாவது முதல் உலகப் போருக்குப் பின் ஹிட்லருக்கு முன் இருந்த ஜெர்மனியை, அளந்தால் தப்பு.

1919 ஜூன் 28-இல் கையெழுத்தான வெர்சாய் சமாதான ஒப்பந்தம் அடுத்த ஜனவரி 10-இல் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மன் தரைப்படைக்கு 1,00,000 பேர், அதில் அதிகாரிகள் 4,000. கடற்படைக்கு 15,000 பேர். ஆயுதம் செய்யும் ஆலைகளையும் நேசநாடுகள் அனுமதித்தவையாக மட்டும் சுருக்கினார்கள். போரின்போது பி08 செய்தவை முக்கியமாக இரண்டு: பெர்லினில் டி.டபிள்யூ.எம். நிறுவனம், நீங்கள் உறை வாங்கிய எர்ஃபுர்ட்டில் அரசுத் துப்பாக்கி ஆலை. எர்ஃபுர்ட் ஆலை ஆயுதத் தொழிலை விட்டது. டி.டபிள்யூ.எம். ராணுவத்துக்குச் செய்ய முடியாமல் பொதுச்சந்தைக்கு இறங்கியது. 1922-இல் பெயரையே மாற்றிக்கொண்டது.

ஆக, புதுப் பிஸ்டல் அரிது. போரிலிருந்து மிஞ்சிய பழசு நிறைய. படைகள் கலைந்து ஊருக்குப் போனவர்கள் கையோடு கொண்டுபோனதும், ஃப்ரைகோர்ப்ஸ் என்ற தனிப்படைகள் வைத்திருந்ததும் நாடு முழுக்கப் பரவிக் கிடந்தன. 1920 மார்ச்சில் காப் என்பவர் தலைமையில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிகூட நடந்தது. அந்த ஆகஸ்ட் 7-இல் பொதுமக்களிடமுள்ள ராணுவ ஆயுதங்களைத் திரும்பப் பெறச் சட்டம் வந்தது. எது அரசுடையது, எது திருட்டுச் சரக்கு என்று பிரித்தறிய வேண்டாமா? அதற்காகத் தன் கையிருப்பில் இருந்தவற்றின் தலையில் அரசு ‘1920’ என்று அடித்தது. சேகரிப்பாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட விளக்கம் இது.

நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதே வேலைதான். பாட்டி பெயருக்குப் பக்கத்தில் அம்மா பெயரும் வெட்டிய அண்டாவை யாரும் போலி என்று சொல்வதில்லை. உங்கள் பெரியவரின் பிஸ்டலில் 1917 பிறந்த வருடம். 1920 குடியரசு அதைத் தன்னுடையதென்று எழுதிக்கொண்ட வருடம். 1920 என்று மட்டும் அடித்து, 7.65 மி.மீ. தோட்டாவுக்குச் செய்யப்பட்ட பிஸ்டல்கள் பொதுச்சந்தைக்கு வந்தவை. அது வேறு சாதி, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எண் மாற்றியதும் அப்படித்தான். ஆயுதக் கிடங்கில் பத்துப் பிஸ்டலைப் பிரித்து, நல்ல பாகங்களைச் சேர்த்து எட்டுப் பிஸ்டல் ஆக்கினால், வந்து சேர்ந்த பாகத்தின் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புது எண் போடுவார்கள். கோடு ஒழுங்காக, எழுத்துரு ஒரே மாதிரி, மேலே நீலம் ஏறியிருந்தால் அது அரசுக் கிடங்கு வேலை. நேற்றைக்குக் காரேஜில் அடித்தது என்றால் எழுத்தின் உதடு கூராக மேலெழும்பி, உள்ளே வெள்ளை இரும்பு மின்னும். கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். லென்ஸுக்குப் பேர்போன யேனாவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

1917 என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். அந்த வருடம் டி.டபிள்யூ.எம். ஏராளமாகச் செய்தது பீரங்கிப் படைக்கான நீளக் குழல் மாடலை. சாதாரண பி08-க்குக் குழல் 100 மி.மீ., கடற்படைக்கு 150, இதற்கு 200. குழலின் பின்கோடியில் தூரத்துக்கு ஏற்ப உயர்த்தும் குறிப்பலகை உண்டு. அது படுக்க இடம் வேண்டுமென்று தோட்டா அறையின் மேல் முன்பக்கத்தைக் கொஞ்சம் சீவியிருப்பார்கள். போருக்குப் பின் இவற்றில் பலவற்றுக்கு நீளக் குழலைக் கழற்றி 100 மி.மீ. குழல் மாட்டினார்கள். குழல் மாறினாலும் அந்தச் சீவல் மாறாது. பெரியவரின் பிஸ்டலில் 1917-க்கு முன்னால் விரலை வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால், பீரங்கிக்காரனிடமிருந்து காலாட்படைக்குக் கைமாறிய பிஸ்டல் அது. எனக்குப் புத்தம்புதுசைவிட அப்படிப்பட்டதுதான் பிடிக்கும். ஆனால் யாராவது அதற்கு மறுபடி 200 மி.மீ. குழல் மாட்டி ‘அசல் ஆர்டிலரி’ என்று விற்க வந்தால் ஓடிவிடுங்கள்.

நீலத்தைச் சோதிக்கவும் வழி உண்டு. 1937 வாக்கில் மௌசர் உப்புக் குளியல் முறைக்கு மாறும்வரை, பி08-க்கு மெதுவாகத் துருவேற்றி நீலமாக்கும் பழைய முறைதான். அதில் வெளிப்பக்கம் மட்டும்தான் நிறம் ஏறும். கைப்பிடிக் கூட்டின் உட்பக்கம் வெள்ளையாகவே நிற்கும். விசை, பாதுகாப்பு நெம்பு, மேகசின் பொத்தான் போன்ற சின்னப் பாகங்கள் வைக்கோல் நிறத்தில் இருக்கும். உட்புறமெல்லாம் ஒரே கறுப்பாக, சின்னப் பாகங்களும் கறுப்பாக இருந்தால் பின்னால் யாரோ முக்கி எடுத்திருக்கிறார்கள். அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

மேகசினின் அடிக்கட்டையையும் பாருங்கள். மரக்கட்டையில் பிஸ்டலின் எண் இருக்கும். உபரி மேகசின் என்றால் கூடவே ஒரு கூட்டல் குறி. அதிலும் பழைய எண்ணை அடித்துப் புதியது போட்டிருந்தால் சந்தோஷப்படுங்கள். ‘2/1001’ என்றிருந்தால் அது 1945-க்குப் பின் கிழக்கு ஜெர்மன் மக்கள் காவல்துறைக்காகச் செய்தது. இது முக்கியம், ஏனென்றால் நீங்கள் இருப்பது துரிங்கியா. பழைய கிழக்கு ஜெர்மனி. அங்கே காவல்துறை பி08-ஐப் பழுதுபார்த்துப் பல வருடம் வைத்திருந்தது, அதற்கென்று உறைகளும் தைத்தது. சந்தையில் ‘வெய்மர் போலீஸ் உறை’ என்று நீட்டப்படுவதில் அவையும் கலந்திருக்கும்.

வெய்மர் காலப் போலீஸ் பிஸ்டலும் தனி அழகு. கைப்பிடியின் முன்பக்கத்தில் பிரிவு முத்திரை இருக்கும், ‘எஸ்.’ என்று தொடங்கினால் ஷூட்ஸ்போலிட்சாய், அதாவது சீருடைக் காவல். அவற்றில் சிலவற்றின் இடப்பக்கப் பலகைக்கு மேலே ஒரு சின்னத் தகடு கூடுதலாக இருக்கும். பி08-இன் ஒரு பெரிய குறை, பக்கப்பலகையைக் கழற்றிய பிறகும், உள்ளே தோட்டா இருந்து நெம்பை அழுத்திவிட்டால் வெடிக்கும். சுத்தம் செய்யும்போது அப்படி விபத்து நடந்ததால் 1930-களின் தொடக்கத்தில் அந்தத் தகட்டைச் சேர்த்தார்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யார் “காலிதான்” என்று சொல்லிக் கொடுத்தாலும், மேகசினை எடுத்து, முழங்கால் மூட்டுப் போன்ற அந்தப் பூட்டை இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்த பிறகே மேற்கொண்டு கை வையுங்கள். தோட்டா இருந்தால் பூட்டின்மேலே ‘கெலாடன்’ (தோட்டா ஏறியிருக்கிறது) என்ற எழுத்து தலைதூக்கும். அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

புதுப் பிஸ்டல் அறவே வரவில்லை என்றும் நினைக்க வேண்டாம். ராணுவத்துக்குச் செய்ய அனுமதி பெற்றது சூல் நகரத்தின் சிம்சன் நிறுவனம். எர்ஃபுர்ட் ஆலையின் இயந்திரங்கள் அங்கேதான் போயின. பழசைச் செப்பனிட்டதும் அவர்கள்தான், புதிதாகக் கொஞ்சம் செய்ததும் அவர்கள்தான். சிம்சன் பெயர் பொறித்த பி08 அரிது, விலையும் அதிகம். ஆகவே போலியும் அதிகம். சாதாரண பிஸ்டலின் மூட்டில் பெயரை வெட்டி விற்பார்கள். ஆய்வாளர் முத்திரையாகக் கழுகும் கீழே 6-உம் இல்லாத சிம்சனை நான் தொடுவதில்லை.

இதே ஒட்டுக் கதை மற்றப் பிஸ்டல்களிலும் உண்டு. மௌசர் சி96-ஐ, துடைப்பக்கட்டைக் கைப்பிடி கொண்ட அந்தப் பழைய பிஸ்டலைத்தான் சொல்கிறேன், 1916-இல் ராணுவம் 9 மி.மீ. தோட்டாவுக்கு 1,50,000 கேட்டது. தோட்டா மாறிப்போகக் கூடாதென்று கைப்பிடியில் 9 என்று வெட்டிச் சிவப்பு பூசினார்கள். போருக்குப் பின் அவற்றில் சிலவற்றின் குழலை 99 மி.மீ.க்கு வெட்டினார்கள். குட்டையாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் உறைக்கு வருகிறேன். 1926 என்ற வருடமும் 1917 என்ற வருடமும் ஒத்துப்போகவில்லையே என்ற கவலை உங்கள் கடிதத்தில் எட்டிப்பார்க்கிறது. விடுங்கள். பிஸ்டல் பல வருடம் உழைக்கும், தோல் அதற்கு முன்பே கிழியும். பழைய பிஸ்டலுக்குப் புது உறை கொடுப்பதுதான் அந்த ராணுவத்தின் தினசரி நடப்பு.

‘2./ஜே.ஆர்.9’ என்பதில் ஜே என்பது ஐ-யின் பழைய ஜெர்மன் எழுத்து வடிவம். 9-ஆம் காலாட்படை ரெஜிமென்ட், 2-ஆம் கம்பெனி. இங்கே ஒரு எளிய கணக்கு எல்லாருக்கும் உதவும்: அந்த 1 லட்சம் பேர் படையில் 7 காலாட் டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் 3 ரெஜிமென்ட், ஆக மொத்தம் 21. குதிரைப்படை ரெஜிமென்ட் 18. ஆகவே ‘ஜே.ஆர்.47’ என்று அச்சிட்டு 1926 என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

உங்களுடையது 9. எண் சரிதான், ஆனால் கொஞ்சம் அதிகமாகவே சரி. 9-ஆம் ரெஜிமென்ட் போட்ஸ்டாமில் இருந்தது. பழைய பிரஷ்யக் காவல்படையின் வாரிசு. பின்னாளில் ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்டவர்களில் பலர் அதிலிருந்து வந்தவர்கள். அவர்களில் முக்கியமானவரான ஹென்னிங் ஃபொன் டிரெஸ்கோ அதில் சேர்ந்தது அதே 1926-இல்தான். விற்றவர் இந்தக் கதையையும் சொன்னாரா? சொல்லியிருந்தால் 190 யூரோவில் நூறு யூரோ கதைக்குக் கொடுத்தது. புகழ்பெற்ற எண் என்றால் போலி அச்சு அடிப்பவர்களுக்கும் அது பிடித்த எண்.

அதனால் அச்சைச் சோதியுங்கள். தோல் புதிதாக ஈரப்பதத்தோடு இருந்தபோது அடித்த அச்சில் பள்ளத்தின் ஓரம் உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். சுற்றிலும் உள்ள நிறமும் அழுக்கும் தேய்மானமும் பள்ளத்துக்குள்ளும் இருக்கும். காய்ந்த தோலில் பின்னால் அடித்தால் மேல்தோல் எழுத்தின் விளிம்பில் மயிரிழை வெடிப்பாகக் கீறும். உள்ளே வெளிர் நார் எட்டிப்பார்க்கும். அதை மறைக்க மை தடவியிருந்தால் அந்தக் கறுப்பு மட்டும் தனியாகத் தெரியும். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தும் பாருங்கள். பழைய மெழுகிட்ட லினன் நூல் மந்தமாக இருக்கும், இந்தக் கால நூலில் பெரும்பாலானவை நீலவெள்ளையாக ஒளிரும். ஒரு ஓரம் மட்டும் ஒளிர்ந்தால் அது பழுதுபார்த்த தையல், குற்றமில்லை. முழு உறையும் ஒளிர்ந்தால் அது நகல். இந்த நகல்களில் கணிசமானவை தைக்கப்படுவது இந்தியாவில். ஊர்ப்பாசத்தில் வாங்கிவிடாதீர்கள்.

உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். பல வருடம் பி08-ஐச் சுமந்த உறையின் உட்சுவரில் அதன் நிழல் பதிந்திருக்கும்: பூட்டின் இரண்டு உருண்டைக் குமிழ், பக்கத்து நெம்பு, குழலின் நுனி. மூடிக்குள் சின்னக் கருவிப் பை உண்டல்லவா, திருப்புளியாகவும் மேகசினில் தோட்டா ஏற்றவும் பயன்பட்ட அந்தத் தட்டையான கருவிக்கு? அதன் தடமும் தோலில் ஏறியிருக்க வேண்டும். தடம் இல்லாத, ஆனால் வெளியே கிழவனாக நடிக்கும் உறை சந்தேகத்துக்குரியது. தடம் இருந்து அச்சு மட்டும் புதிதாகத் தெரிந்தால், உறை அசல், கதை மட்டும் ஒட்டு. அப்போதும் 190 யூரோ மோசமில்லை என்பேன்.

சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உறைக்கு அனுமதி எதுவும் தேவையில்லை. பிஸ்டல் நூறு வயதானாலும் ஜெர்மன் சட்டத்துக்கு அது பழம்பொருள் அல்ல, துப்பாக்கிதான். சங்கத்தில் தேர்வு எழுதியது மட்டும் போதாது. உங்கள் ஊர் ஆயுத அலுவலகம் கொடுக்கும் வாஃபன்பெசிட்ஸ்கார்ட்டே என்ற உரிம அட்டை வேண்டும், வாங்குவதற்கு முன்பே அதில் அனுமதி பதிவாக வேண்டும், வாங்கி 2 வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சுடுபவருக்கான அட்டை சுடுவதற்கு. சேகரிப்பவருக்கென்று சிவப்பு அட்டை தனி. அதற்கு வரலாற்றுப் பெறுமதியுள்ள ஒரு கருப்பொருளை எழுத்தில் விளக்கி, அறிவை நிரூபிக்க வேண்டும். ‘வெய்மர் ராணுவத்தின் செப்பனிட்ட பிஸ்டல்கள்’ நல்ல கருப்பொருள். பெரியவரின் அட்டையில் இந்தப் பிஸ்டல் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பைசா முன்பணம் கொடுக்காதீர்கள். பதிவில்லாத பிஸ்டல் யார் வீட்டுப் பரணில் கிடைத்தாலும் அதைப் பையில் போட்டுக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவதும் குற்றமாகிவிடும். இருந்த இடத்தில் விட்டுப் போன் செய்ய வேண்டும்.

கண்ணாடி அலமாரி நடக்காது. பிஸ்டல் இருக்க வேண்டிய இடம் சான்று பெற்ற இரும்புப் பெட்டகம். 2017-க்குப் பின் புதிதாக வாங்குபவருக்குக் குறைந்தபட்சம் 0 என்ற தரம். அலமாரியில் உறையை மட்டும் வையுங்கள், வெயில் படாமல்.

கோவைக்குப் பிஸ்டலைக் கொண்டுபோகும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். இந்திய ஆயுதச் சட்டத்தில் ராணுவ பி08-இன் 9 மி.மீ. தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. இங்கிருந்து கிளம்புமுன் அட்டை வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றுவிட்டுப் போக வேண்டியிருக்கும். அதை நினைத்து விலை பேசுங்கள். உறை வரலாம். ஆனால் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது தோலின் ஆசை. நம் ஊர் ஐப்பசி மழையில் பீரோவுக்குள் வைத்த பெல்ட் பூஞ்சை பிடித்து நரைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மூடிய பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. நாஃப்தலீன் உருண்டை வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரம்மா கேட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தேதிப்படி பார்த்தால் 1917 கைசர் காலம், 1920-உம் 1926-உம் குடியரசுக் காலம். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30. இவற்றின் கழுகு முத்திரையில் ஸ்வஸ்திகா இருக்காது. பிற்கால முத்திரைகள் சிலவற்றில் உண்டு; அதைப் பொது இடத்தில் காட்டுவது ஜெர்மனியில் குற்றம் என்பதால்தான் சந்தைக்காரர்கள் காகிதம் ஒட்டி மறைக்கிறார்கள். ஆனால் 1933-க்குப் பிறகு இந்தப் பிஸ்டலை யாரும் குப்பையில் போட்டிருக்கவும் மாட்டார்கள். அது யார் இடுப்பில் இருந்தது, என்ன செய்தது என்பதை முத்திரை சொல்லாது. அவர் நெருடல் நியாயமானது.

அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு சூல் நகரத்து ஆயுத அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். சிம்சன் குடும்பம் யூதக் குடும்பம். 1856-இல் தொடங்கிய தொழில். அந்தக் குடியரசின் ராணுவத்துக்குப் பிஸ்டல் கொடுத்த வீட்டை நாஜிகள் வழக்குப் போட்டு மிரட்டி, 1935-இல் ஆலையைப் பறித்துக்கொண்டார்கள். அதன் பின்னால் நின்றவர் துரிங்கியாவின் கட்சித் தலைவர் ஃபிரிட்ஸ் சாவ்கெல், பிறகு நியூரம்பெர்கில் தூக்கிலிடப்பட்டவர். குடும்பம் நாட்டைவிட்டு ஓடியது. பெயர் மட்டும் சூலிலேயே தங்கிவிட்டது. யேனா தெருக்களில் இன்றும் டுர்ர்ரென்று போகும் பழைய ஷ்வால்பே மொபெட்டின் பக்கவாட்டில் படித்திருப்பீர்களே, சிம்சன் என்று? அதே சிம்சன்தான்.

பிஸ்டலை வாங்கலாமா என்றால், மேலே சொன்ன பள்ளம், நீலம், கோடிட்ட எண், அட்டைப் பதிவு நான்கையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எண்ணை எழுதும்போது அதன் கீழே சாய்வெழுத்தில் சின்னதாக ஒரு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வருடமும் 1-இல் தொடங்கி 10,000 முடிந்ததும் ஏ, பி என்று எழுத்துப் போட்டு மறுபடி எண்ணுவார்கள். அந்த எழுத்து இல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் எனக்கு ஒன்றும் சொல்ல வராது.